பார்க் கணக்கும் பிராஜெக்ட் கணக்கும்

கல்லூரியில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் 'பிராஜெக்ட் செக்‌ஷன்' என்பேன். பாதிப்பேர் கட்டடம் கட்டுகிற பிரிவு என்று நினைத்துக்கொள்வார்கள். சிமெண்ட் விலை விசாரித்தவர்களும் உண்டு. பேராசிரியர்கள் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் விண்ணப்பம் அனுப்புவார்கள். அந்த விண்ணப்பத்தைக் கருத்துரு என்போம். அதற்குப் பட்ஜெட் போடுவது, முதல்வரிடம் கையெழுத்து வாங்குவது, பணம் வந்தால் தலைப்பு வாரியாகச் செலவுக் கணக்கு எழுதுவது, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவது, தணிக்கைக்காரருக்குப் பதில் சொல்வது, எல்லாம் எங்கள் பிரிவின் வேலை. 1981-இல் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். 2017-இல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன்.

இது நேற்று வந்த வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். நம்முடைய கடற்கரையில் இதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

முத்துச் சலாபம் என்றால் குளிகாரர், சம்மாட்டி, தோணி, சுறாவுக்கு மந்திரம் கட்டுகிற கடல்கட்டி, இவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். சலாபம் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானித்தது வேறொரு காரியம். வெள்ளைக்காரன் காலத்தில் பார் பார்க்கிற உத்தியோகஸ்தர் ஒருவர் இருந்தார். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் படகெடுத்துப் போய், தோலாயிரம் பார் போன்ற இடங்களில் ஆளை இறக்கிச் சிப்பி எடுத்துவரச் சொல்வார். அந்த மாதிரிச் சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைக் கிண்ணங்களில் சலித்துத் தரம் பிரித்து, வியாபாரிகளை வைத்து மதிப்புப் போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு எழுதி மேலே அனுப்புவார்கள். மேலிடம் சம்மதித்தால்தான் சலாபம் அறிவிப்பு. நான் பார்த்த வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிறிய மாதிரியைக் காட்டிப் பெரிய செலவுக்கு அனுமதி கேட்கிற காரியம்தானே இரண்டும்!

1830-க்குப் பிறகு முப்பது வருஷம் தூத்துக்குடிப் பக்கம் சலாபமே கிடையாது. பாரைப் பார்ப்பார்கள், சிப்பி இருக்காது, திரும்பிவிடுவார்கள். 1860, 1861, 1862 மூன்று வருஷமும் அமோகமாகச் சலாபம் நடந்தது. அடுத்து மறுபடியும் பார் வெறிச்சோடியது. அப்போது இங்கே பார்களுக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் கேப்டன் ஃபிப்ஸ். கடலின் தயவை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பானேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய ஆழமில்லாத நீரில் பவளக் கற்களால் அடைப்புக் கட்டி, சிப்பிக் குஞ்சுகளை அதில் வளர்த்து, பிறகு பாரில் கொண்டுபோய் இறக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். நெல் நாற்றுவிட்டு நடுகிற மாதிரி. அரசாங்கத்துக்கு எழுதி அனுமதியும் வாங்கினார்.

நான் அறிந்தவரை நம் ஊரிலிருந்து போன முதல் ஆராய்ச்சிக் கருத்துரு இதுதான். பிரச்சினையைச் சொல்லி, முறையைச் சொல்லி, பணம் கேட்கிற அமைப்பு அப்படியே இருக்கிறது. காரியம் பலிக்கவில்லை. குஞ்சுகள் பிழைக்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் யோசனை தப்பில்லை என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம். அதைச் செய்துகாட்டத் தேவையான அறிவு அன்றைக்கு யாரிடமும் இல்லை, அவ்வளவுதான்.

அந்த அறிவுக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் கேள்வி. சலாபம் நடந்தால் சர்க்காருக்குக் கொழுத்த வருமானம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளிகாரருக்கு. அந்த இரண்டு பங்கிலிருந்து சிப்பி ஏன் வருகிறது, ஏன் போகிறது என்று ஆராய ஒதுக்கியது சொற்பம். சென்னை அருங்காட்சியகத்திலிருந்து எட்கர் தர்ஸ்டன் 1889 சலாபத்துக்கு இங்கே வந்து பார்த்துக் குறிப்பெடுத்தார், 1890-இல் புத்தகமாக வெளியிட்டார். நல்ல குறிப்புகள்தான். வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் எழுதக்கூடியது அவ்வளவுதான்.

முறையான பணம் முதலில் அக்கரையில்தான் இறங்கியது. இலங்கைப் பக்கம் பார்கள் தொடர்ந்து பொய்த்ததால், அங்கிருந்த அரசு லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. 1902 ஜனவரியில் வந்தவர் சில மாதங்கள் மன்னார் வளைகுடாவைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். கூட வந்த ஜேம்ஸ் ஹார்னெல் இங்கேயே தங்கினார். மாதாமாதம் கடலில் இறங்கி மாதிரி எடுத்தது, குஞ்சுகளை இடம் மாற்றிப் பார்த்தது, கணக்கு எழுதியது எல்லாம் ஹார்னெல். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகமாக வந்த பெரிய அறிக்கையை லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. அட்டையில் பெரிதாக இருப்பது ஹெர்ட்மன் பெயர். முதன்மை ஆய்வாளர் ஒருவர், களத்தில் கிடப்பவர் இன்னொருவர் என்கிற வழக்கம் நம்முடைய ஆட்கள் கண்டுபிடித்தது இல்லை என்று தெரிந்து எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

அந்தச் சமயம் பார்த்து 1903, 1904, 1905 மூன்று வருஷமும் இலங்கைச் சலாபம் கொட்டியது. உடனே 1906-இல் பார்களை ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள், ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய்க்கு மேல். ஓரிரண்டு சலாபத்தோடு சிப்பி மறைந்தது. சில வருஷத்தில் கம்பெனியும் மறைந்தது. ஹார்னெல் 1908 வாக்கில் சென்னை மாகாண அரசின் மீன்துறைக்கு வந்து, பின்னால் அதன் இயக்குநரானார். நம் கரையின் சங்கு, முத்து இரண்டைப் பற்றியும் அவர் எழுதியவற்றை இன்றைக்கும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் புரட்டுகிறார்கள். ஹெர்ட்மனை அழைத்த செலவில் உருப்படியாக மிஞ்சியது இந்த மனிதர்தான் என்பது என் கட்சி.

சிப்பி முத்துத் தருகிற அளவுக்கு முதிர நாலைந்து வருஷம் ஆகும். பாரில் குஞ்சு ஒட்டுவதும், ஒரே வருஷத்தில் இருந்த இடம் தெரியாமல் போவதும் சகஜம். ஆக, ஒரு பாரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பத்து வருஷமாவது விடாமல் பார்க்க வேண்டும். பணம் கொடுக்கிறவர்களோ வருஷக் கணக்கில் கொடுத்து வருஷக் கணக்கில் விடை கேட்பார்கள். இந்த இழுபறி ஃபிப்ஸ் காலத்தில் தொடங்கியது. என் மேசைக்கும் வந்துசேர்ந்தது.

நடுவில் பணம் வருகிற வழி மாறியது. 1929-இல் டெல்லியில் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தினார்கள். அதற்கு நிலையான வரும்படி வேண்டும் என்று 1940-இல் ஒரு சட்டம் போட்டு, ஏற்றுமதியாகிற விளைபொருள்கள் சிலவற்றின் மதிப்பில் அரை சதவீதம் தீர்வை வசூலித்தார்கள். பழைய ஆட்கள் 'செஸ் ஃபண்ட் ஸ்கீம்' என்று சொல்வது இதைத்தான். 2006-இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதுவரை நாட்டின் விவசாயக் கல்லூரிகளில் நடந்த ஏராளமான சிறு ஆராய்ச்சிகளுக்குச் சோறு போட்டது இந்த அரை சதவீதம். நம் துறைமுகம் போன்ற இடங்களில் கப்பலேறிய மூட்டைகளின் காசு சுற்றிவளைத்து எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயாக இறங்கியது என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கும்.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கி, 1967-இல் அந்தக் கழகத்தின் கீழ் வந்தது. இதற்கிடையில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் தூத்துக்குடியில் சலாபம் நடந்தது. உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1961-இல் எனக்கு இரண்டு வயது. அதற்குப் பிறகு இன்றுவரை நம் பக்கம் சலாபம் இல்லை.

1972 கடைசியில் அந்த நிலையம் ஊருக்கு வடக்கே வேப்பலோடையில் முத்து வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பொறுப்பு கே. அழகர்சாமி. சிப்பிக்குள் கருமணி வைத்து, மேலங்கித் தசையின் துண்டு ஒன்றைச் சேர்த்துவைத்து முத்து விளைவிக்கிற வித்தையை ஜப்பானியர்கள் வெளியே சொல்லித்தர மாட்டார்கள். இவர்கள் தாங்களே சோதித்துச் சோதித்து 1973-இல் உருண்டை முத்து எடுத்துவிட்டார்கள். வேப்பலோடைக் கடல் திறந்த கடல், காற்றுக் காலத்தில் அலைக்கழிக்கும். அந்தச் சமயத்தில்தான் புதிய துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டி, 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள். சுவர்களுக்கு உள்ளே குளம்போல் நீர் கிடந்தது. சிப்பிப் பண்ணைக்கு அது வாகாக அமைந்தது. 1981-இல் பொரிப்பகத்திலேயே சிப்பிக் குஞ்சு உண்டாக்கிவிட்டார்கள். அதற்குப் பின்னால் லட்சக்கணக்கான குஞ்சுகளைப் பாரில் கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள். கேப்டன் ஃபிப்ஸ் கேட்டது இதைத்தான், ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து நடந்தது. ஆனாலும் பார்கள் பழையபடி திரும்பவில்லை. முத்து விளைவிக்கத் தெரிந்துகொண்டோம். பார் ஏன் பொய்க்கிறது என்பதற்கு இன்னும் நல்ல பதில் இல்லை.

அந்த 1981-இல்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன் என்றேன். மத்திய நிலையம் மாதிரி சொந்தப் பட்ஜெட் உள்ள இடம் வேறு. எங்களைப் போன்ற கல்லூரிக்கு ஆராய்ச்சிப் பணம் என்றால் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். யூ.ஜி.சி.யிடம் கேட்க, முதலில் கல்லூரி அந்தச் சட்டத்தின் 12-பி பிரிவில் இருக்க வேண்டும். அந்தச் சான்றின் நகலை எத்தனை நூறு தடவை இணைத்திருப்பேன்! ஒரு கருத்துருவுக்கு அசலோடு பல பிரதிகள் கேட்பார்கள். கார்பன் தாளில் ஐந்தாவது பிரதி ஆவி மாதிரி விழும், அதனால் ஸ்டென்சில் வெட்டி உருட்டுவோம். கடைசித் தேதிக்கு முதல் நாள் சாயங்காலம்தான் பேராசிரியர்கள் பட்ஜெட்டை மாற்றுவார்கள். ராத்திரி ரயிலுக்கு முன்னால் ஸ்டேஷன் ஆர்.எம்.எஸ்.ஸில் ரிஜிஸ்தர் தபால் போட ஓடிய நாட்கள் நிறைய. தொண்ணூறுகளில் ஹைதராபாத்தில் யூ.ஜி.சி.யின் வட்டார அலுவலகம் வந்தது. சின்னத் திட்டங்கள் அங்கே போயின. டெல்லியைவிடப் பக்கம் என்பதைத் தவிர வேறு சுகம் இல்லை.

பணம் வருகிற முறையைச் சொன்னால்தான் மற்றது புரியும். யூ.ஜி.சி. திட்டம் என்றால் கருவி, புத்தகம் போன்றவற்றுக்கு முழுத் தொகை, மற்ற செலவுகளில் பாதி, இவ்வளவும் முதல் தவணை. அதைச் செலவழித்துக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுத்தால் இன்னொரு 40 சதவீதம். எல்லாம் முடிந்து, ஆடிட்டர் கையெழுத்திட்டு, இறுதி அறிக்கை போனபின் கடைசி 10 சதவீதம். அந்தப் பத்து வந்து சேருவதற்குள் பேராசிரியரே ஓய்வு பெற்றுவிடுவார்.

காகிதத்தில் நியாயமான ஏற்பாடு. பொதுப்பணம், கேட்டுத்தான் ஆக வேண்டும், எனக்கு அதில் மாற்றுக் கருத்து கிடையாது. கோளாறு காலண்டரில். அனுமதி ஆணை பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும். நம் கடலில் ஆழத்தில் இறங்கி வேலை செய்யத் தோதான மாதங்கள் கச்சான் காற்று தொடங்குவதற்கு முன்பு, அதாவது மார்ச், ஏப்ரல். அந்த நேரம் முழுக்கப் பேராசிரியர் என் மேசையில் உட்கார்ந்து விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். சாமான் வந்துசேரும்போது காற்று தொடங்கிவிடும்.

படகு வாடகை இன்னொரு தீராத தலைவலி. வல்லத்துக்காரர் பில் புத்தகம் வைத்திருக்க மாட்டார். வெள்ளைத் தாளில் நானே ரசீது எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவரச் சொல்வேன். ஒரு வருஷம் தணிக்கைக்கு வந்தவர், மூன்று படகுகளுக்கு ஏன் விலைப்புள்ளி வாங்கவில்லை என்று கேட்டார். தாளில் பதில் எழுதுவதற்குப் பதிலாக, மறுநாள் விடிகாலையில் அவரை மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்துப் போனேன். அன்றைக்குக் கடலுக்குப் போகிறவர் யார், போகாதவர் யார் என்பதே கரைக்கு வந்த பிறகுதான் தெரியும் என்பதை நேரில் பார்த்தார். கணவாய் மீன் வாங்கிக்கொண்டார். தடையை நீக்கிவிட்டார். நல்ல மனுஷன்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. எங்கள் விலங்கியல் ஆசிரியர் ஒருவர் முத்துச் சிப்பிக் குஞ்சு ஒட்டுவதைப் பற்றித் திட்டம் போட்டார். அலைதடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் ஓர் இடம், வெளியே ஓர் இடம். மாதாமாதம் கூண்டை இறக்கி எத்தனை குஞ்சு ஒட்டியிருக்கிறது, நீரின் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று மூன்று வருஷம் எண்ண வேண்டும். எளிய காரியம், ஆனால் மாதம் தவறக்கூடாது. அனுமதி கிடைத்தது. கடற்கரைக் கிராமத்துப் பையன் ஒருவன் உதவி ஆய்வாளனாகச் சேர்ந்தான். அவன் அப்பாவும் தாத்தாவும் சங்கு குளித்தவர்கள். நீந்தத் தெரியாத எம்.எஸ்ஸி.க்காரர்களையே பார்த்த எங்களுக்கு அவன் ஒரு அதிசயம். கடலுக்கடியில் அரைமணி வேலையைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வருவான் என்பார் ஆசிரியர்.

முதல் தவணைக் கணக்கு அனுப்பினோம். உப்பளவு பார்க்கிற சின்னக் கருவி ஒன்றை நுகர்பொருள் தலைப்பில் வாங்கியிருந்தது. வாங்கியதற்கு விதிப்படி ஒப்புதலும் இருந்தது. நிதி கொடுத்த இடத்தில் (பெயர் வேண்டாம்) அது கருவித் தலைப்பில் வராதா என்று ஒரு கேள்வி கேட்டார்கள். பதில் போட்டோம். அந்த மேசையில் இருந்தவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். இப்படியே பதினான்கு மாதம். பையனுக்கு எட்டு மாதம் சம்பளம் இல்லை. படகு வாடகையை ஆசிரியர் கையிலிருந்து போட்டார். கல்லூரி நிதியிலிருந்து முன்பணம் கொடுக்கக் குறிப்பு எழுதி வைத்தேன். 'பணம் வராவிட்டால் யார் பொறுப்பு' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். கேள்வி நியாயமானதுதான், பதில் என்னிடம் இல்லை.

இருபத்திரண்டாவது மாதம் பையன் வந்து சொன்னான். "சார், சி.எஃப்.எஸ்.ஸில் கிளார்க் வேலை கிடைத்திருக்கிறது. தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம்." துறைமுகத்தைச் சுற்றிக் கண்டெய்னர் கிடங்குகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அவனுக்குப் பிறகு வந்த பெண் கெட்டிக்காரி, ஆனால் கூண்டை இறக்க ஆள் தேடுவதற்குள் இரண்டு மாதம் விட்டுப்போயிற்று. வந்த பணத்தில் மீதத்தைச் செலவழித்து இறுதி அறிக்கை கொடுத்தோம். அறிக்கையின் வரைபடத்தில் அந்த இரண்டு மாதம் கோடு அறுந்து கிடக்கும். அந்த வருஷம் வெளிப்பக்கத்தில் குஞ்சு அதிகம் ஒட்டியதா இல்லையா என்று இனி யாரும் சொல்ல முடியாது. கணக்கு மட்டும் ஒரு பைசா பிசகாமல் முடிந்தது.

இந்த வேலையை மற்ற நாடுகளில் தனித்தொழிலாக மதிக்கிறார்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிர்வாகிகளுக்கு 1959-லேயே தேசிய அளவில் சங்கம் வந்துவிட்டது. கருத்துரு எழுதக் கைகொடுக்க ஓர் ஆள், ஒப்பந்தம் படிக்க ஓர் ஆள், கணக்குக்கு ஓர் ஆள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இப்போதுதான் பெரிய நிறுவனங்கள் அந்த வழிக்கு வருகின்றன. எங்களைப் போன்ற கல்லூரிகளில் இந்த மேசைக்கு வருபவரை ஒன்று தண்டனையாக அனுப்புவார்கள், இல்லையென்றால் ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த பாவத்துக்காக அனுப்புவார்கள். நான் இரண்டாவது ரகம். பழகிய ஆளை மூன்று வருஷத்தில் தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். நான் முப்பத்தாறு வருஷமும் தப்பித்ததற்குக் காரணம், வேறு யாரும் இந்த இடத்தைக் கேட்கவில்லை.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். செலவு ஒவ்வொன்றும் அரசின் இணையக் கணக்கில் அன்றன்றைக்கு டெல்லிக்குத் தெரிகிறது. எனக்கு மனப்பாடமாக இருந்த 19-ஏ பயன்பாட்டுச் சான்றிதழ் படிவம் நான் ஓய்வு பெற்ற வருஷம் 12-ஏ என்று பெயர் மாறியது. 2024-இல் ஆராய்ச்சி நிதிக்கே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று பெரிய நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனதைப் பத்திரிகையில் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, செப்டம்பரில் கவுன்சில் கூடி விலக்குக் கொடுத்தார்கள். 2023 சட்டத்தின்படி புதிதாக ஒரு தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்திருக்கிறது. சிறிய கல்லூரிகளுக்கும் பணம் போகும் என்கிறார்கள். போகட்டும், உதவி ஆய்வாளரின் மாதச் சம்பளத்தை மட்டுமாவது தவணையோடு முடிச்சுப் போடாமல் முன்கூட்டியே ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். கருவி ஆறு மாதம் தாமதமாக வரலாம், ஆளுக்கு ஆறு மாதம் தாமதமாகப் பசிக்காது.

ஓய்வு பெறும் அன்று நிலுவைக் கோப்புகளைப் பட்டியல் போட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்தேன். நாற்பத்து மூன்று கோப்புகள். பதினோரு திட்டங்களுக்குக் கடைசி 10 சதவீதம் வரவேண்டியிருந்தது. கடற்பாசி இரண்டு, உப்பளத்து நுண்ணுயிர் ஒன்று, பவளப்பாறை ஒன்று, மற்றவை வேதியியலும் வணிகவியலும். முத்துச் சிப்பி என்று ஒன்றும் அதில் இல்லை.